பாய்ச்சல் என்று எழுதிய சீட்டு

தண்ணீர் எப்படிப் போகிறது என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர், "ம், போகுது" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். காதக்காவிடம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. "போகுதுன்னா? சொட்டுதா, கசியுதா, ஊறுதா, ஒழுகுதா, வழியுதா, ஓடுதா, பாயுதா, பீச்சி அடிக்குதா?" என்று பிடித்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரர் குளித்துவிட்டுக் குழாயைச் சரியாக மூடவில்லை என்றால் இந்த வீட்டில் இவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அப்படி ஒரு காது.

அந்தக் காதுக்குத்தான் குடிநீர் அலுவலகம் இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் கொடுத்தது. விடிந்து, தெருவில் வண்டிச் சத்தம் கிளம்புவதற்குள் அவள் கிளம்பிவிட வேண்டும். கையில் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பி. ஒரு முனை கூர். மறுமுனையில் மரத்தால் ஒரு குமிழ். கூர்முனையைக் குழாய் போகிற இடத்தில் ஊன்றி, குமிழைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால், தரைக்கடியில் எந்தக் குழாய் எங்கே உடைந்து தண்ணீர் எப்படி வெளியேறுகிறது என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு அலுவலகத்தில் வேறு பெயரே கிடையாது. இன்ஜினியரிலிருந்து வாசல் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் காதக்காதான்.

அவள் கேட்டதை எழுதிவைக்க ஒருத்தி இருந்தாள். ஊர் உலகமெல்லாம் பந்துமுனைப் பேனாவுக்கு மாறிய பிறகும் மைப் பேனாவை விடமாட்டேன் என்று அடம்பிடித்ததால் அவளுக்கு மைக்கூடு என்று பெயர். நடுவிரலில் எப்போதும் ஒரு நீலக் கறை. கையெழுத்து என்றால் அப்படி ஒரு கையெழுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போட மனசு வராத பிறவி. காதக்காவும் மைக்கூடும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே மேஜையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, உன் டப்பாவில் பாதி, என் டப்பாவில் பாதி என்று இருபத்திரண்டு வருடம் சாப்பிட்டவர்கள். காதக்காவுக்குக் கல்யாணம் அமையவில்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. அம்மா போன பிறகு, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்தது மைக்கூட்டின் வீடுதான். மைக்கூட்டின் புருஷன் அதே அலுவலகத்தில் குழி தோண்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. "தங்கச்சி, சாப்பிட்டியா?" என்று கேட்காமல் காதக்காவைக் கடந்துபோக மாட்டார்.

முன்னெல்லாம் ரிஜிஸ்டரில், "தண்ணீர் போகிறது" என்று மட்டும் எழுதுவார்கள். எப்போது தோண்டுவது என்பது அவரவர் சௌகரியம். சேர்ந்த புதிதில் காதக்கா ஒரு சீட்டில், "சலசலவென்று போகிறது, கூடவே மண்ணையும் கொறித்துக்கொண்டு போகிறது" என்று எழுதிக் கொடுத்தாள். அப்போதிருந்த இன்ஜினியர், "இது ரிப்போர்ட்டா, தாலாட்டா?" என்று கேட்டு நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கினார். அன்று மத்தியானம் இரண்டு பேரும் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்து, தண்ணீர் போகிற விதத்துக்கு என்னென்ன வார்த்தை உண்டோ எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினார்கள். சிலுசிலு, சளசள, களகள, குபுகுபு, மடமட, வழிசல், ஒழுக்கு, ஊற்று, பெருக்கு, சுழிப்பு, தாரை. முப்பத்தாறு தேறியது.

"குபுகுபு வேணாம்டி, சிரிப்பாங்க" என்றாள் மைக்கூடு.

"குபுகுபுன்னுதான்டி போகுது. நான் என்ன பண்ண?"

"போகட்டும். ரிஜிஸ்டர்ல போக வேணாம்."

அடித்து அடித்துக் கடைசியில் நாலு வார்த்தையில் வந்து நின்றார்கள். சொட்டு என்றால் ஒரு மாதத்துக்குள் தோண்டினால் போதும். கசிவு என்றால் இரண்டு வாரம். ஓட்டம் என்றால் மூன்று நாள். பாய்ச்சல் என்றால் அன்றைக்கே. இன்ஜினியரே அசந்துபோனார். அந்த நாலு வார்த்தையும் அலுவலகச் சுவரில் பெயின்டால் எழுதப்பட்டன. அதிலிருந்து அதுதான் சட்டம். காதக்கா சீட்டில் எழுதுகிற வார்த்தைதான் நாளைத் தீர்மானிக்கும். அதை மாற்ற இன்ஜினியருக்கும் அதிகாரம் இல்லை. சீட்டைப் பார்த்து மைக்கூடு ரிஜிஸ்டரில் ஏற்றுவாள். காதக்கா அதன் கீழே கையெழுத்துப் போடுவாள். போட்டதும் சீட்டைக் கிழித்துவிட வேண்டும் என்பது விதி.

கையெழுத்து எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மைக்கூடு ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்து, விரலால் இடத்தைக் காட்டி, "இங்க போடுடி" என்பாள். காதக்கா வேறு ஏதோ கதை பேசிக்கொண்டே போடுவாள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கூடப் பிறந்தவளைவிட மேலாக நினைக்கிறவள் எழுதியதை யார் சரிபார்ப்பார்கள்? நீங்களும் நானும்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

ஒரு திங்கட்கிழமை, தையல் கடைகள் இருக்கும் தெருவில் காதக்கா கம்பியை ஊன்றினாள். மேலாக சிலுசிலு என்று ஓர் ஓசை. அதற்கடியில் கனமாக, மூச்சு விடாமல் ஓர் இரைச்சல். அதற்கும் அடியில், சல்லடையில் மணல் சலிப்பது போல ஒரு சன்னமான சரசரப்பு. அந்தச் சரசரப்புக்கு அர்த்தம் ஒன்றுதான்: தண்ணீர் சும்மா போகவில்லை, தெருவைத் தாங்கி நிற்கிற மண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறது. பத்து இடத்தில் ஊன்றிப் பார்த்தாள். சத்தம் அதிகமாக இருந்தது ஒரு சின்னத் தையல் கடையின் வாசலில்.

ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த தையல்காரர், "என்னம்மா, என் கடைக்கு நாடி பாக்கறீங்களா?" என்று கேட்டார். அறுபதை ஒட்டிய வயது. கழுத்தில் அளவு நாடா.

"கடைக்கு இல்லைங்க, குழாய்க்கு."

"குழாய் பொழைச்சுக்குமா?"

"பொழைக்க வச்சுடலாம்" என்று சிரித்துவிட்டு, சீட்டில் 'பாய்ச்சல்' என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டாள். நேராக அலுவலகம் போய் மைக்கூட்டின் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கே தோண்டணும்டி. மண்ணு போகுது."

"குடு, எழுதிடறேன்" என்றாள் மைக்கூடு.

மறுநாளிலிருந்து காதக்காவுக்கு ஊரின் மறுகோடியில் வேலை. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தையல் கடையின் தரை அப்படியே உள்வாங்கியது. தையல்காரரும் அவருடைய இயந்திரமும் சேர்ந்து இடுப்பளவு பள்ளத்துக்குள் போனார்கள். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. மேஸ்திரியின் ஆட்கள் அன்று மத்தியானம் அங்கே தோண்டப் போவதற்காக மண்வெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் செய்தி வந்தது.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் கூப்பிட்டு ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். திங்கட்கிழமைப் பக்கம். தையல் கடைத் தெரு. அழகான நீல மையில், 'ஓட்டம்'. கீழே காதக்காவின் கையெழுத்து.

"நான் பாய்ச்சல்னுதான் எழுதினேன் சார்."

"அப்ப இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான்."

இன்ஜினியர் கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. புதன்கிழமை விசாரணை என்றார். தப்பு அவள் மேல்தான் என்று முடிவானால் இனிமேல் அவள் கம்பியைத் தொட முடியாது என்றும் சொன்னார்.

இவ்வளவுக்கும் பிறகு காதக்கா யாரைச் சந்தேகப்பட்டாள் தெரியுமா? தன்னைத்தான். நேராக மைக்கூட்டின் மேஜைக்குப் போய், கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னடி ஆச்சு?" என்று அழுதாள். மைக்கூடு அவளை உட்காரவைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், முதுகைத் தடவினாள்.

"நீ குடுத்ததைத்தான்டி நான் எழுதினேன். கை தப்பியிருக்கும். இல்லேன்னா காது. நமக்கும் ஐம்பத்திரண்டு ஆச்சு, சும்மாவா? பேசாம ஒத்துக்கோ. வயசாச்சு, காது முன்ன மாதிரி இல்லைன்னு சொல்லிடு. பாவம் பார்த்து விட்டுடுவாங்க."

"என் காதா?"

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வாயேன்."

சனிக்கிழமை போனாள். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். "இருபது வயசுக்காரங்களுக்கே இப்படி வராதும்மா" என்றார். சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. காது சரி என்றால் கோளாறு மூளையில் என்றுதானே அர்த்தம்? வீட்டுக்கு வந்து குழாயடியில் நின்று, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, "சொட்டு, ஒழுக்கு, தாரை, பாய்ச்சல்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். மூடிவிட்டு மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். ஒரு வாளி நிரம்பி வழிந்து கால் நனைந்த பிறகுதான் நிறுத்தினாள். அந்த இரண்டு நாள் அவள் பட்ட பாடு பகையாளிக்கும் வரக் கூடாது.

திங்கட்கிழமை காலை, குழி தோண்டும் ஆட்களில் மூத்தவர் எதிரில் வந்தார். அவருக்கு மண்வெட்டி என்று பெயர். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று ஆரம்பித்தார்.

"விடுங்கக்கா. எங்களுக்குத் தெரிஞ்சதுதானே. நீங்க கசிவுன்னா அங்க ஓட்டம் இருக்கும். ஓட்டம்னா பாய்ச்சல் இருக்கும். மூணு வருஷமா நாங்க ஒரு படி கூட்டிக்கிட்டுத்தான் பேன்ட்டை மடிச்சு இறங்குவோம். அதனாலதானே அரைக்காதுன்னு..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"யாருக்கு அரைக்காது?"

"சும்மா தமாஷுக்குக்கா. மனசுல வச்சுக்காதீங்க."

அவள் தமாஷை விட்டுவிட்டாள். 'ஒரு படி' என்பதைப் பிடித்துக்கொண்டாள். ஆகாத காது என்றால் ஒரு நாள் கூட்டிக் கேட்கும், ஒரு நாள் குறைத்துக் கேட்கும். மூன்று வருடமாக ஒரே ஒரு படி மட்டும், அதுவும் கீழே மட்டும் இறங்க வேண்டும் என்றால் அதற்குக் காது போதாது, கை வேண்டும். அவளுக்குக் கால்கள் தாமாக நடந்தன. மைக்கூடு இன்ஜினியர் அறையில் இருந்தாள். அவளுடைய இரும்பு அலமாரியின் சாவி எங்கே தொங்கும் என்று காதக்காவுக்குத் தெரியும். எதையும் தூக்கிப் போடாதவள் எங்கே பத்திரப்படுத்துவாள் என்பதும் தெரியும். கீழ்த் தட்டில், பழைய பிஸ்கட் டின்னில், விதிப்படி கிழித்திருக்க வேண்டிய சீட்டுகள் எல்லாம் மாதவாரியாகக் கம்பியில் கோத்து இருந்தன.

தரையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் சீட்டையும் மறுபக்கம் ரிஜிஸ்டரையும் வைத்துக்கொண்டு பார்த்தாள். சீட்டில் ஓட்டம், ரிஜிஸ்டரில் கசிவு. சீட்டில் பாய்ச்சல், ரிஜிஸ்டரில் ஓட்டம். எல்லாம் இல்லை. ஊரின் தென்பாதியில் வேறொரு மேஸ்திரி, அங்கே ஒரு வார்த்தைகூட மாறவில்லை. வடபாதியில்தான், மைக்கூட்டின் புருஷன் தோண்டுகிற தெருக்களில்தான், எல்லா வார்த்தையும் ஒரு படி இறங்கியிருந்தன. கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படியான அதே கையெழுத்தில். ஒவ்வொன்றுக்கும் கீழே சாப்பிட்டுக்கொண்டே போட்ட இவளுடைய கையெழுத்து. போன திங்கட்கிழமைச் சீட்டு மட்டும் கம்பியில் இல்லை. ஞாபகமாக அதை மட்டும் உருவியிருந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு மைக்கூடு வந்தாள். தரையில் கிடந்த டின்னைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"ஏன்டி?" என்றாள் காதக்கா.

"அவருக்கு இடுப்பு போச்சு, உனக்குத் தெரியாதா? மூணு வருஷம் முன்னாடி குழிக்குள்ள விழுந்தாரே. அன்னிக்கே தோண்டணும்னா தண்ணி அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே இறங்கணும். மூணு நாள் கிடைச்சா வால்வை அடைச்சு, காயவிட்டு இறங்கலாம். அவரை இன்னொரு தடவை தூக்கிக்கிட்டு வந்தாங்கன்னா நான் தாங்க மாட்டேன்டி."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாது. தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ விடுவியா? உனக்கு உன் வார்த்தைதான் பெருசு." மைக்கூடு கீழே உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை நாளா ஒண்ணும் ஆகலையேடி. உன் பேரு கொஞ்சம் கெட்டுச்சு, அவ்வளவுதானே? உனக்குப் பின்னாடி யாரு இருக்கா, பேரைக் காப்பாத்தி யாருக்குக் குடுக்கப் போறே? நீ தாங்குவேன்னு நெனச்சேன்."

காதக்காவுக்குச் சீட்டுகளைப் பார்த்தபோது வராத அழுகை இப்போது வந்தது. யாருமில்லாதவள் என்று ஊரே சொல்லியிருந்தாலும் அவள் சிரித்துக்கொண்டே போயிருப்பாள். மைக்கூடு இருக்கிறாளே என்ற தைரியம். அதே வாயிலிருந்து அது வந்தபோது, இருபத்திரண்டு வருடம் பாதி பாதியாகச் சாப்பிட்டதெல்லாம் நெஞ்சில் வந்து அடைத்தது. அரைக்காது என்று ஆட்கள் சிரித்தபோது இவளும் பக்கத்தில்தானே இருந்திருப்பாள்? மையைத் துடைத்துக்கொண்டு பேசாமல்தானே இருந்திருப்பாள்?

"நாளைக்கு ஒரு நாள் குடுடி" என்றாள் மைக்கூடு. "அவர்கிட்ட சொல்லிட்டு, புதன்கிழமை நானே எந்திரிச்சு ஒத்துக்கறேன். நீ காட்டிக் குடுத்தா என்னைத் திருடி மாதிரி பார்ப்பாங்க. நானா சொன்னா தப்பு பண்ணினவ, அவ்வளவுதான். இந்த ஒண்ணை மட்டும் எனக்காகச் செய்."

அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு நேராக இன்ஜினியர் அறைக்குப் போயிருக்கலாம். போனில் நாலு படமாவது எடுத்து வைத்திருக்கலாம். எடுத்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே எனக்கு இருந்திருக்காது. அழுகிறவளைப் பார்த்ததும் அவளுக்குப் பழையபடி மனசு இளகிவிட்டது. சீட்டுகளைக் கோத்து, டின்னில் அடுக்கி, மூடியையும் தானே அழுத்தி மூடி மைக்கூட்டின் கையில் கொடுத்தாள்.

"புதன்கிழமை சொல்லிடு. வேற எதுவும் வேணாம் எனக்கு."

"என் புருஷன் மேல ஆணை."

செவ்வாய்க்கிழமை மைக்கூடு லீவு.

புதன்கிழமை விசாரணை அறையில் ஆறு நாற்காலி. மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி, இன்ஜினியர், மேஸ்திரி, மைக்கூடு, காதக்கா, எழுத ஒருவர். மேஸ்திரி முதலில் எழுந்தார். "சீட்டு சொல்ற நாளுக்கு நான் ஒருநாளும் தாமதம் பண்ணினதில்லைங்க" என்றார். உண்மைதான். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காதக்காவைப் பார்த்துத் தலையை வேறு ஆட்டினார், தைரியமாக இரு என்பதுபோல. அப்போதே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், வீட்டில் எதுவும் சொல்லப்படவில்லை என்று.

மைக்கூடு எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அவங்க சீட்டுல ஓட்டம்னுதான் இருந்தது சார். நான் அப்படியே ஏத்தினேன்."

"சீட்டு இருக்கா?"

"கையெழுத்தானதும் கிழிச்சுடறதுதான் சார் விதி. நான் விதிப்படிதான் செய்வேன்."

காதக்கா எழுந்து நின்றாள். "பொய் சார். டின்னுல வச்சிருக்கா. மூணு வருஷச் சீட்டு இருக்கு" என்றாள். அதிகாரி இரண்டு பேரை அனுப்பினார். அலமாரியைத் திறந்து அந்த டின்னையே கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். உள்ளே பழைய பஸ் டிக்கெட்டுகளும் நாலு காலி மைப்புட்டிகளும் இருந்தன. மைக்கூடு தலை நிமிரவில்லை. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் என்ன என்று காதக்கா அன்றைக்குத்தான் நேரில் பார்த்தாள்.

டாக்டர் கொடுத்த தாளை எடுத்து நீட்டினாள். அதிகாரி படித்துப் பார்த்தார்.

"காது நல்லா இருக்குன்னு போட்டிருக்கு."

"ஆமா சார்."

"அப்ப இது வயசுக் கோளாறு இல்லை, அலட்சியம்" என்று சொல்லி எழுதச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. வேலை போகவில்லை. புகார் வாங்கும் ஜன்னலுக்கு மாற்றினார்கள். கம்பியை ஒப்படைத்துவிட்டு வரச் சொன்னார்கள், ஒப்படைத்தாள். மத்தியானம் மைக்கூடு சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு புகார் ஜன்னலுக்கு வந்தாள். எப்போதும் போல மூடியைத் திறந்து, பாதியைப் பிரித்து, இவள் பக்கம் தள்ளினாள்.

"நான் வாயைத் திறந்திருந்தா எங்க ரெண்டு பேரோட வேலையும் போயிருக்கும், அவர் பென்ஷனும் போயிருக்கும். உனக்கு வேலை இருக்கு, சம்பளம் இருக்கு. கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்கடி."

காதக்கா அந்த டப்பாவை மூடி அவள் பக்கமே திருப்பி வைத்தாள். "நீ என் சோத்துல மண்ணைப் போட்டிருந்தாக்கூட நான் கேட்டிருக்க மாட்டேன். என் வார்த்தையில போட்டே. இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றாள். சத்தம் போடவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அவளை உறங்கவிடாமல் செய்தது ஜன்னல் இல்லை, உத்தரவும் இல்லை. தையல்காரர். உலகத்தில் ஒரே ஒரு மனுஷனாவது உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும், அது அவராக இருக்க வேண்டும் என்று தோன்றியது. நான் அன்றைக்கே தோண்டச் சொன்னேன், உங்கள் காலை நான் உடைக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் போதும். அவர் நம்பினால் போதும், அப்புறம் ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஜன்னலோரக் கட்டில். கால் மாவுக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வார்டில் அவ்வளவாகக் கூட்டமில்லை.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார் தையல்காரர், உரக்க. பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவர் புரண்டு படுத்தார்.

"வலி எப்படிங்க இருக்கு?"

"பரவாயில்லை! பரவாயில்லை!" என்று கையையும் ஆட்டிக் காட்டினார். "நீங்க வருவீங்கன்னு நெனச்சேன். உங்க சிநேகிதி வந்துட்டுப் போனாங்க."

காதக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. "யாரு?"

"கையில மைக்கறை இருக்குமே, அவங்க. செவ்வாய்க்கிழமை. பழமெல்லாம் வாங்கிட்டு வந்து, இதோ இந்த ஸ்டூல்ல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. உங்களுக்காக என் கையைப் பிடிச்சு மன்னிப்பு கேட்டாங்கம்மா. அவளுக்குக் காது மந்தமாயிடுச்சு, வெளியில சொல்ல வெக்கப்படறா, வேணும்னு செய்யலை, மனசுல வச்சுக்காதீங்கன்னு அழுதாங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

செவ்வாய்க்கிழமை. ஒரு நாள் கொடு என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டு வாங்கிய நாள். வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்ற நாள். அந்த நாளை அவள் இதற்குத்தான் வாங்கியிருக்கிறாள்.

"ஐயா, எனக்குக் காது நல்லா கேக்குது" என்றாள் காதக்கா. "உங்க கடை வாசல்ல நான் கேட்டது பாய்ச்சல். பாய்ச்சல்னுதான் எழுதினேன். அன்னிக்கே தோண்டணும்னு சொன்னேன். மாத்தினது அவதான்."

தையல்காரர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, சந்தேகமும் இல்லை. அத்தனையும் இரக்கம். எட்டி அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"அவங்களைப் போய் அப்படிச் சொல்லாதீங்கம்மா. அந்த மாதிரி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

"நான் சொல்றது உண்மைங்க."

அவர் தலையணையிலிருந்து சிரமப்பட்டுக் கொஞ்சம் எழும்பினார். அவள் காதுக்குப் பக்கத்தில் சாய்ந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"எனக்கு... உங்க மேல... கோபமே... இல்லைம்மா. கேக்குதா?"

கேட்டது. நாலாவது கட்டிலில் யாரோ உச்சுக்கொட்டியதும் அவளுக்குக் கேட்டது.